வீட்டுக்கு எத்தனை அடுப்பு

உ
சங்கரநயினார்கோவில்,
விகிருதி வருஷம், ஆவணி மாதம்.

பம்பாயில் இருக்கும் என் கொழுந்தன் சிரஞ்சீவி ராஜதுரைக்கு, மதினி சங்கரம்மாள் ஆசி கூறி எழுதுவது. எல்லோரும் சுகம் என்று எழுதிவிட்டுத்தான் எந்தக் கடிதத்தையும் ஆரம்பிக்கிறோம். வீட்டில் ஆளுக்கொரு மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிடந்தாலும் அந்த வரி மட்டும் மாறுவதில்லை. இந்தத் தடவை நிஜமாகவே எல்லோரும் சுகம். அத்தை நேரத்துக்குச் சாப்பிடுகிறார்கள். உன் பெண்டாட்டி பேச்சித்தாய்க்கு மூச்சு இழுப்பு விட்டுவிட்டது. வயிற்றில் பிள்ளை நன்றாக உதைக்கிறது என்று சொல்லிச் சிரிக்கிறாள். உன் அண்ணனுக்கு இடது பக்கத்து மீசை பாதி போய்விட்டது. அது வளர்ந்துவிடும்.

இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி எழுதப் போவதைப் படிக்கும்போது நீ பதறிவிடக் கூடாது என்பதற்காக. கொஞ்சம் பதறினாலும் பரவாயில்லை. நாங்கள் இங்கே பட்ட பாட்டுக்கு நீ அந்த அளவு கூடப் படாவிட்டால் நியாயமா?

நீ அனுப்பிய அடுப்பு வந்து சேர்ந்தது.

தம்பி, ஊரில் இருந்து தூரமாய்ப் போனவர்கள் பெண்டாட்டிக்குச் சேலை அனுப்புவார்கள், வளையல் அனுப்புவார்கள், ஒன்றும் இல்லாவிட்டால் போட்டோ பிடித்து அனுப்புவார்கள். அடுப்பு அனுப்பிய ஆளை நான் கேள்விப்பட்டதே இல்லை. அதுவும் ஒரு வரி எழுதாமல். 'மதினி, இது இன்னதுக்கு' என்று ஒரு கார்டு போட உனக்குக் கை வரவில்லை. ரயில் ரசீதை மட்டும் ஒரு கவரில் போட்டு, பேச்சித்தாய் பேருக்கு அனுப்பினாய். பாவம், அவள் சேலைதான் வந்திருக்கிறது என்று நினைத்து, முகமெல்லாம் பல்லாக என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள். நான் உன் அண்ணனிடம் கொடுத்தேன். அவரும் மிளகாய் வத்தல் கடையைப் பாதியில் விட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போனார்.

பெட்டியில் ஒரு பலகை வழியில் பிய்ந்து, வைக்கோலுக்குள் இருந்து பித்தளையும் மூன்று காலும் வெளியே தெரிந்திருக்கிறது. ஸ்டேஷனில் போர்ட்டர் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, ஒங்க தம்பி சம்சாரத்துக்கு அடுப்புல்லா வந்திருக்கு" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னானாம். வண்டியில் வைத்துக்கொண்டு கடைத்தெரு வழியாக வருவதற்குள், நின்றவன் இருந்தவன் எல்லோரும் உன் அண்ணனைப் பார்த்து, "என்ன ராமசுப்பு, அடுப்பு பிரிஞ்சாச்சா?" என்று துக்கம் விசாரிக்கிற மாதிரி கேட்டிருக்கிறார்கள். அவர் வந்து பெட்டியை நடுவீட்டில் வைத்தார். அத்தையைப் பார்த்து, "ஒன் சின்ன மவன் தனி அடுப்பு அனுப்பியிருக்கான், பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் கூடக் குடிக்காமல் கடைக்குத் திரும்பிப் போய்விட்டார்.

பம்பாயில் அடுப்பு என்றால் சோறு பொங்குகிற சாமானாக இருக்கலாம். நம் ஊரில் அது என்னவென்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? கோவில் கொடைக்கு வரி எழுத வருகிறவர் வாசலில் நின்று எத்தனை பேர் என்றா கேட்கிறார்? எத்தனை அடுப்பு என்றுதான் கேட்கிறார். ரேஷன் கார்டு எழுத வந்த குமாஸ்தாவும் அடுக்களைக்குள் எட்டிப் பார்த்த பிறகுதான் நமக்கு ஒரே கார்டு என்று எழுதினார். உனக்குப் பெண் கேட்டுப் போனபோது பேச்சித்தாயின் அப்பா நிலத்தைப் பற்றிக் கேட்கவில்லை, கடையைப் பற்றிக் கேட்கவில்லை. "அண்ணன் தம்பிக்கு ஒரே அடுப்புதானே?" என்று கேட்டார். ஆமாம் என்று சொன்ன பிறகுதான் தட்டு மாற்றினார். அடுப்பில் பூனை தூங்குகிறது என்றால் அது பஞ்சம். அடுப்பு இரண்டு என்றால் அது பிரிவினை. இத்தனையும் தெரிந்த நீ ஒரு அடுப்பைக் கட்டி ரயிலில் ஏற்றினால் இங்கே யார் என்ன நினைப்பார்கள்?

அத்தை அழவில்லை, சத்தம் போடவில்லை. அழுதிருந்தால் நானும் கூட உட்கார்ந்து அழுதிருப்பேன், மனது ஆறியிருக்கும். அவர்கள் பரணில் இருந்து பாத்திரங்களை எல்லாம் இறக்கச் சொன்னார்கள். புளி போட்டுத் துலக்கினார்கள். பிறகு முற்றத்தில் இரண்டு குவியலாகப் பங்கு வைக்க ஆரம்பித்தார்கள். பெரிய உருளி மூத்தவனுக்கு, அண்டா இளையவனுக்கு, போணிகள் ஆளுக்குப் பாதி. எல்லாம் முடிந்த பிறகு என்னைக் கூப்பிட்டு, "ஏட்டி சங்கரம்மா, எல்லாத்தையும் பங்கு வச்சாச்சு. எனக்கு எந்த அடுப்புல சோறு?" என்று கேட்டார்கள். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறவள் என்று நீங்கள் எல்லாம் என்னைக் கேலி செய்வீர்களே, அன்றைக்கு நான் எழுந்து போய் உலைக்கு அரிசி களைந்தேன்.

அன்று ராத்திரியில் இருந்து அத்தை சோற்றைத் தொடவில்லை. பெரியவர்கள் வந்து சொல்லட்டும், அதுவரை எந்த அடுப்புச் சோறும் தனக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். நனைத்த அவல், மோர், ஒரு வாழைப்பழம், அவ்வளவுதான். அந்த வயதில் அது எத்தனை நாளைக்குத் தாங்கும்? இடுப்புச் சேலை நிற்காமல் முடிச்சுப் போட்டுக் கட்டினார்கள். நான் கெஞ்சினேன், கோபப்பட்டேன், நானும் சாப்பிட மாட்டேன் என்று மிரட்டிக் கூடப் பார்த்தேன். "நீ சாப்பிடாட்டா ஒனக்குத்தான் நஷ்டம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். பிடிவாதம் உங்கள் இருவருக்கும் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

உன் அண்ணனைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடையில் ஒரு பக்கத்தைத் தட்டி வைத்து மறைத்து, உனக்கென்று தனி ஏவாரம் பார்க்கிறேன் என்று நீ கேட்டதும், அவர் சுமைதூக்குகிறவர்கள் முன்னால் வைத்து உன்னைப் பேசிய பேச்சும், நீ இலையில் போட்ட சோற்றை விட்டு எழுந்து பம்பாய்க்கு ரயில் ஏறியதும் எனக்கு மறக்கவில்லை. அதற்குப் பிறகு உங்கள் இருவருக்கும் இடையில் ஒரு கார்டு போக்குவரத்து உண்டா? கிடையாது. அதனால் அந்தப் பெட்டியை அவர் உன் பதிலாகத்தான் எடுத்துக்கொண்டார். "பிரியணும்னா முறையாப் பிரிஞ்சுக்கிடட்டும். அம்மா உயிரோட இருக்கும்போது ரயில்ல அடுப்பு அனுப்புத பழக்கம் எந்த ஊர்ல உண்டு?" என்று கேட்டுக்கொண்டே, இளையரசனேந்தலுக்கு ஆள் அனுப்பிவிட்டார். உங்கள் தாய்மாமன் துரைப்பாண்டி மாமா கோவில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு எப்படியும் வருவார், மறுநாள் உட்கார்ந்து வீட்டையும் கடையையும் பேசி முடித்துவிடுவது என்று ஏற்பாடு.

உன் பெண்டாட்டி அந்தப் பெட்டியைத் திறக்கவே இல்லை. ஒரு சாக்கைப் போட்டு மூடி, நெல் குதிருக்குப் பின்னால் தள்ளி வைத்துவிட்டாள். "அக்கா, நான் கேக்கவே இல்லக்கா. பொகையில மூச்சு முட்டுதுன்னு ஒரு வரி எழுதினேன், அவ்வளவுதான்" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் நம்பினேன். மற்றவர்களும் நம்ப வேண்டுமே என்று அவள் ஒரு காரியம் செய்தாள். தனியாகப் போக எனக்கு ஆசை இல்லை என்று காட்டுவதற்காக, விடிந்தது முதல் அடுப்படியை விட்டு நகரவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். டாக்டரம்மா புகைப் பக்கமே போகக் கூடாது என்று சொல்லியிருக்க, இவள் வாயும் வயிறுமாக அந்தப் புகையில்தான் குடியிருந்தாள். நான் எழுப்பிவிட்டால் நான் அந்தப் பக்கம் போனதும் மறுபடியும் வந்து உட்கார்ந்துவிடுவாள். இந்த வீட்டில் பிடிவாதம் மருமகள்களுக்கும் தொற்றிவிடுகிறது போல.

தபசு அன்றைக்கு வீடு நிறைய ஆட்கள். கரிவலத்தில் இருந்தும் குருவிகுளத்தில் இருந்தும் சனம் வந்திருந்தது. மாமா முதல் நாளே வந்துவிட்டார். அம்மன் தபசுக் காட்சியில் நேர்ச்சையாக வீசுவதற்குப் பருத்தியும் வத்தலும் பை நிறையக் கட்டி வைத்திருந்தோம். இந்த வருஷம் சாரல் நன்றாக விழுந்தது. அதுவே வினையாகிவிட்டது. புறவாசலில் அடுக்கி வைத்திருந்த பருத்திமார் விறகெல்லாம் ஈரம். அத்தனை பேருக்கும் உலை ஏற்றி, அந்த ஈரமாரை வைத்து எரித்தால் எப்படி இருக்கும்? தீ கொஞ்சம், புகை மிச்சம். வந்திருந்தவர்கள் எல்லாம் இருமிக்கொண்டே வாசலுக்குப் போய்விட்டார்கள். நான் பின்பக்கம் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஊதுகுழல் கீழே விழுந்து உருளுகிற சத்தம் கேட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தால் பேச்சித்தாய் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மூச்சு உள்ளே போகிறது, வெளியே வரவில்லை. உதடு நாவற்பழ நிறம். தாங்கிப் பிடித்து முற்றத்துக்குக் கொண்டுவந்து என் மடியில் சாய்த்தேன். புகையும் பின்னாலேயே வந்தது. அடுப்படிக் கதவைச் சாத்தலாம் என்றால் அந்தக் கதவு சாத்தி எத்தனை வருஷம் ஆகிறதோ, நகரவே இல்லை. பம்பாய்க்கு என்ன தந்தி அடிக்கப் போகிறோமோ என்று நினைத்தேன். நினைத்ததைச் சொல்லிவிட்டேன், இனி அதை மறந்துவிடலாம்.

அத்தை படுத்த பாயில் இருந்து எழுந்து வந்தார்கள். அவளை ஒரு பார்வை பார்த்தார்கள். நேராக அடுப்படிக்குள் போய், குடத்துத் தண்ணீரை எடுத்து எரிகிற அடுப்பில் அப்படியே கவிழ்த்துவிட்டார்கள்.

உனக்குத் தெரியும், எரிகிற அடுப்பில் நம் வீட்டில் ஒரு கை தண்ணீர் கூடத் தெளிக்க விடமாட்டார்கள். பால் பொங்கி வழிந்தாலே கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்கள். நல்ல நாளும் பொழுதுமாக, பாதி வெந்த சோறு மேலே இருக்க, வீட்டு அடுப்பை அவர்கள் கையாலேயே அணைத்துவிட்டார்கள். சாம்பல் கூரை வரை பறந்தது. வந்திருந்த பெண்கள் வாயில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். அத்தை அவர்களைப் பார்த்து, "அடுப்பு கெடக்கட்டும். பிள்ள மூச்சு விடட்டும்" என்றார்கள். பிறகு உன் அண்ணனிடம் திரும்பி, "அந்தப் பம்பாய்க்காரன் பெட்டியத் தெறலே. வெந்நி வேணும்" என்றார்கள்.

உன் அண்ணன் கடப்பாரையைக் கொண்டுவந்து பெட்டியை உடைத்தார். உள்ளே இருந்தது பம்பு அடிக்கிற ஸ்டவ். அதில் மண்ணெண்ணெய் ஊற்றினார். அதற்கு மேல் அந்த ஸ்டவ்வை என்ன செய்வது என்று அவருக்கும் தெரியாது, ஊரில் இருந்து வந்த ஒருவருக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்கிற ஆளா அவர்? எடுத்த எடுப்பிலேயே பம்பைப் பிடித்து அடி அடி என்று அடித்துவிட்டுக் குனிந்து தீக்குச்சியைக் கொண்டுபோனார். பக்கென்று ஆள் உயரத்துக்குத் தீ எழும்பியது. மாமா நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். உன் அண்ணன் நிமிர்ந்தபோது ஒரு பக்கம் மீசை இருக்கிறது, ஒரு பக்கம் இல்லை. மூச்சுக்குத் தவித்துக்கொண்டு என் மடியில் கிடந்த பேச்சித்தாய் அதைப் பார்த்துவிட்டாள். அந்த நிலைமையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, இருமலோடு கொஞ்சம் மூச்சும் வந்தது. நான் கோமதியம்மனைக் கும்பிட்டதை விட அந்த அரை மீசையைத்தான் அன்றைக்கு அதிகம் கும்பிட்டேன்.

அதன் பிறகு உன் அண்ணன் நிதானத்துக்கு வந்து, எண்ணெய்த் துணியைச் சுற்றி அதன் தலையை நன்றாகச் சூடு காட்டி, பிறகு மெல்ல மெல்லப் பம்பு அடித்தார். நீலமாய்ப் பிடித்துக்கொண்டு சர்ரென்று இரைந்தது. வெந்நீர் வைத்து ஆவி பிடிக்க வைத்தோம். ஆடாதோடை இலையைக் கொதிக்க வைத்துக் கொடுத்தேன். பொழுது சாய்வதற்குள் பேச்சித்தாய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிட்டாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. எல்லாம் சரியான பிறகு அழுகிறாளே என்று அத்தை என்னைத்தான் திட்டினார்கள்.

வந்த ஆட்களுக்கும் அதில்தான் சோறு பொங்கினோம். சின்ன அடுப்பு, சின்னச் சின்னப் பானையாக வைத்து இறக்கி, முறை வைத்துப் பரிமாறினோம். உன் அண்ணன் மட்டும் வத்தல் பையை எடுத்துக்கொண்டு அரை மீசையோடு தபசு பார்க்க ஓடினார். அன்றைக்குக் கூட்டத்தில் அம்மனைப் பார்த்தவர்களை விட அவரைப் பார்த்தவர்கள் அதிகம் என்று கேள்வி.

கடைசியில் அத்தை பேச்சித்தாய்க்கு ஒரு இலை போட்டார்கள். பக்கத்தில் இன்னொரு இலையைப் போட்டுத் தாமும் உட்கார்ந்தார்கள். நான் சோற்றைப் போட்டேன். வேண்டும் என்றே ஒரு கரண்டி கூடவே போட்டேன். அத்தை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

மறுநாள் பங்கு பேச உட்கார்ந்தோம். மாமாவைப் பற்றி உனக்குத் தெரியும், தண்ணீர் வேண்டும் என்றால் ஆற்றில் இருந்து ஆரம்பிப்பார். அடுப்பு என்ற சொல்லில் இருந்து ஆரம்பித்தார். பரணி நட்சத்திரத்துக்கு அடுப்பு என்று ஒரு பேர் உண்டாம், வானத்தில் மூன்று வெள்ளி அடுப்புக் கல் மாதிரி நிற்குமாம். குடும்பத்துக்கும் அடுப்பு என்றே பேராம். கல்லுக்கும் பேர், குழிக்கும் பேர், குடித்தனத்துக்கும் பேர், அதனால் எதைப் பங்கு வைக்கிறோம் என்று தெரிந்து பேச வேண்டும் என்றார். காப்பி ஆறிப்போகிற வரைக்கும் சொன்னார். உன் அண்ணன் இருக்கிற மீசையைத் தடவிக்கொண்டு பல்லைக் கடித்தார். பிறகு மாமா திடீரென்று, "இப்ப இந்த வீட்டுல எத்தன அடுப்பு எரியுது?" என்று கேட்டார். பழைய அடுப்பு ஈரச்சாம்பலாகக் கிடக்கிறது. ஒன்றுதான் என்று சொன்னோம். அது யார் அடுப்பு என்று கேட்டார். உன் அண்ணன் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டு, "நான் சோறு தின்ன அடுப்பு" என்றார்கள். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "ஒத்த அடுப்ப எப்படிவே பங்கு வைக்க? இதுக்கா என்னைக் கூப்பிட்டீரு?" என்று உன் அண்ணனைக் கேட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார். நீட்டி முழக்குகிறவர்தான், ஆனாலும் அன்றைக்கு அவர் காலில் விழுந்து கும்பிட்டேன்.

பாத்திரங்கள் எல்லாம் பரணுக்குப் போய்விட்டன. பழைய அடுப்பை இடித்து, புறவாசலில் ஓலைச்சாய்ப்பு இறக்கிப் புதிதாகப் போட்டிருக்கிறோம். இனி வீட்டுக்குள் புகை வராது. பிரிந்து போகிற மகனுக்குத் தாய் வீட்டு அடுப்பில் இருந்து கங்கு எடுத்துக் கொடுப்பது வழக்கம் அல்லவா? இங்கே தலைகீழாக நடந்தது. உன் ஸ்டவ்வில் ஒரு பருத்திமாரைப் பற்றவைத்து, அத்தை கையாலேயே புறவாசல் அடுப்பை மூட்டினார்கள். போன வாரம் கொடை வரிக்காரர் வந்து, எட்டிப் பார்த்து, இரண்டு அடுப்பு என்று எழுதப் பார்த்தார். அத்தை வெளியே வந்து, "தீ ஒண்ணு, அடுப்பும் ஒண்ணுதான். ஒழுங்கா எழுதும்" என்றார்கள். அவர் அப்படியே எழுதிக்கொண்டு போனார்.

மண்ணெண்ணெய்தான் பெரும்பாடாக இருக்கிறது. ரேஷனில் கொடுப்பது போதவில்லை. பேச்சித்தாய்க்குக் கஷாயம், வெந்நீர், காலைக் காப்பிக்கு மட்டும் அதை வைத்துக்கொள்கிறோம். மழை இன்னும் ஒரு தடவை பெய்தால் குருவிகுளத்துப் பக்கம் வத்தலுக்குப் பாத்தி கட்டுவார்கள். உன் மாமனார் வந்து பார்த்துவிட்டுப் போனார். வளைகாப்பு ஐப்பசியில் வைத்திருக்கிறோம். அதற்கு நீ வந்தே ஆக வேண்டும், லீவு இல்லை என்ற கதை எல்லாம் என்னிடம் நடக்காது.

தினமும் காலையில் அந்த ஸ்டவ்வை உன் அண்ணன்தான் பற்றவைக்கிறார். வேறு யாரையும் தொட விடுவதில்லை. சாம்பல் போட்டுத் துலக்கி, ஊசி போட்டுக் குத்தி, குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி பார்த்துக்கொள்கிறார். கடைத்தெருவில் இப்போது யாராவது அடுப்புப் பேச்சை எடுத்தால், அவரே நிறுத்திவைத்து, "என் தம்பி பொஞ்சாதிக்குப் பொக ஆகாதுன்னு பம்பாயில இருந்து அனுப்பியிருக்கான்" என்று சொல்லுகிறார். கேட்காதவர்களிடமும் சொல்லுகிறார். நீ போன பிறகு 'என் தம்பி' என்ற சொல் அவர் வாயில் இருந்து வந்து நான் கேட்டது இப்போதுதான்.

தம்பி, பேச்சித்தாய் அதை நம்புகிறாள். அத்தை அதை நம்பித்தான் சாப்பிடுகிறார்கள். நீ எந்த மனதோடு அதைக் கட்டி அனுப்பினாய் என்று எனக்குத் தெரியாது. எழுந்து போன கோபத்தில் அனுப்பினாயோ, அவள் எழுதிய ஒரு வரியைப் படித்து அனுப்பினாயோ, நான் கேட்கவில்லை. எப்போதும் கேட்க மாட்டேன், நீயும் எனக்குச் சொல்லாதே. உன் அண்ணன் பேருக்கு ஒரு கார்டு மட்டும் போடு. புகைக்காக அனுப்பினேன் என்று அதில் ஒரு வரி இருக்கட்டும். அவர் அதைச் சத்தம் போட்டு எனக்குப் படித்துக் காட்டுவார். நான் புதிதாகக் கேட்கிறவள் மாதிரி கேட்டுக்கொள்வேன்.

கோமதியம்மன் உனக்கு நல்ல சுகத்தையும், அந்தக் கார்டை எழுத ஒரு நல்ல மனதையும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மதினி,
சங்கரம்மாள்.